மாப்பிள்ளை வாட்ச்: டிசைனர் பெயருக்குக் காசு கொடுக்கலாமா?

ஆவணியில் எங்கள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கோயமுத்தூர். கணபதிப் பக்கம் பம்ப் மோட்டாருக்கு உதிரி பாகம் கடைந்துதரும் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பெண் வீட்டில் போடவேண்டிய செயின், மோதிரம், வாட்ச் மூன்றில் முதல் இரண்டுக்கும் பேச்சே எழவில்லை. எடை பார்த்தோம், வாங்கினோம், முடிந்தது. வாட்ச்சில்தான் சிக்கிக்கொண்டோம்.

அண்ணனுக்கு சுவிட்சர்லாந்தின் ராடோதான், வேறு பேச்சில்லை. சிங்கப்பூர் போய் வந்த சொந்தக்காரர் ஒருவர் கொடுத்த டயாஸ்டார் என்ற ராடோவை எங்கள் அப்பா கடைசிவரை கட்டியிருந்தார். தறிக்குப் போனாலும் தோட்டத்துக்குப் போனாலும் கையில் அதுதான். கல்யாணப் பெண்ணோ பேஷன் டிசைன் படித்துவிட்டு இங்கே திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டிசைனராக இருக்கிறாள். அவள் கேட்பது பெரிய வாட்ச் கம்பெனியும் துணி டிசைனர் ஒருவரும் சேர்ந்து செய்த லிமிடெட் எடிஷன். "எல்லா மாப்பிள்ளை கையிலயும் இருக்கறதே இவரு கையிலயும் எதுக்குங்க சித்தப்பா?" அவள் தம்பி ஸ்மார்ட் வாட்ச் என்கிறான். அண்ணிக்குத் தங்கத்தில் இருந்தால் போதும்.

நான் இருபத்திரண்டு வருடமாகப் பனியன் ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசர், பையரிடம் ஆர்டர் பேசித் தைத்து அனுப்பும்வரை பார்த்துக்கொள்பவன். "நீதான் வெளிநாட்டு பையர்கூடப் பழகறவன், நீயே பாத்துச் சொல்லு" என்று அண்ணன் என் தலையில் கட்டிவிட்டார். இரண்டரை லட்சம் வரை போகலாம் என்பது கணக்கு. இரண்டு மாதம் இதையே நோண்டிக்கொண்டிருந்ததில் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன். இதே குழப்பம் இன்னும் நாலு வீட்டில் இருக்கும்.

பெண் கேட்டதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது.

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கூட்டு வேலை ஒன்றும் புதிதில்லை. எங்களிடம் பையர் மூன்று விதமாக வருவார். ஒருவர், நாங்கள் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டையே எடுத்துக்கொண்டு, கழுத்தில் தன் லேபிளை வைக்கச் சொல்வார். அவ்வளவுதான். இன்னொருவர் அதே பேட்டர்னில் நிறத்தையும் பிரிண்டையும் மாற்றுவார். லேப் டிப், அதாவது நிறம் பார்க்கச் சாயம் போட்ட துணித் துண்டு, பத்து முறை திரும்பி வரும், டையிங்காரர் அழுவார், ஆனால் கட்டிங் மாஸ்டருக்குப் புதிதாக வேலை ஏதும் இருக்காது. மூன்றாமவர் பேட்டர்னிலேயே கை வைப்பவர். தோள் தையலை இரண்டு இன்ச் முன்னால் தள்ளுவார், கையைத் திருப்பி ஒட்டச் சொல்வார். பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவர்கள் திட்டிக்கொண்டே தைப்பார்கள். சாம்பிளை மாட்டிப் பார்க்கும்போதுதான் அந்த ஆள் எதற்காக அப்படிச் சொன்னார் என்று புரியும்.

வாட்ச் உலகமும் இப்படியே மூன்றாகத்தான் பிரிகிறது.

முதல் வகை லைசென்ஸ். மைக்கேல் கோர்ஸ், எம்போரியோ அர்மானி பெயர்களில் மாலில் பளபளக்கும் வாட்ச்களைச் செய்து விற்பது அமெரிக்காவின் ஃபாசில் நிறுவனம். பெயருக்கு உரியவர்கள் துணிக்காரர்கள், வாட்ச் வேறொருவர் பொறுப்பு. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை, ஊரறிந்த ஏற்பாடு. இந்த வகை வாட்ச்களில் பெரும்பாலும் ஜப்பான் மெஷின் இருக்கும். மியோட்டா 2035 என்றால் எந்த ரிப்பேர்காரருக்கும் தெரியும். செல் போட்டால் ஓடும், நேரம் தவறாது. பத்தாயிரம், பதினைந்தாயிரத்துக்கு ஆசைக்குக் கட்டிக்கொள்ளலாம். மாப்பிள்ளைக்குப் போடுவதற்கு இதை நான் எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டேன். காரணம் என் சொந்த அனுபவம். நாங்கள் டி-ஷர்ட் தைத்துக்கொடுத்த ஒரு வெளிநாட்டு பிராண்டின் பெயர் போட்ட வாட்ச்சை, ஆர்டர் நன்றாக முடிந்த சந்தோஷத்தில் பையர் எனக்குப் பரிசாகக் கொடுத்தார். தங்க நிறம். இரண்டு கோடை தாங்கியது. மூன்றாவது சித்திரையில் மணிக்கட்டு வேர்வை பட்ட இடமெல்லாம் முலாம் உரிந்து, ஈயப் பாத்திரம் மாதிரி வெளிறிவிட்டது. மெஷின் மட்டும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, பாவம்.

இரண்டாவது வகைக்கு சுவிஸ் வாட்ச் கம்பெனி ஹூப்லோவும் ஜப்பானிய டிசைனர் யோஜி யமமோட்டோவும் 2020-ல் சேர்ந்து கொண்டுவந்த பிக் பாங் வாட்ச் நல்ல உதாரணம். முழுக் கறுப்பு. யமமோட்டோ காலமெல்லாம் கறுப்புத் துணியிலேயே பெயர் வாங்கியவர். ஹூப்லோவோ 2006-லேயே 'ஆல் பிளாக்' என்று முழுக் கறுப்பு வாட்ச் போட்டவர்கள். ஒரு கறுப்பும் இன்னொரு கறுப்பும் கைகுலுக்கிக்கொண்டன. பார்க்க அழகுதான், எனக்கே பிடித்திருந்தது. ஆனால் யமமோட்டோ பெயரை எடுத்துவிட்டுப் பார்த்தால், ஹூப்லோ தானாகவே செய்திருக்கக்கூடிய வாட்ச்தான் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது வகைதான் பேச்சுக்கு உரியது. வஷரோன் கான்ஸ்டன்டின் என்ற சுவிஸ் கம்பெனி 2024-ல் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் யீசிங் யினோடு சேர்ந்து ஒரு மாதிரி வாட்ச் காட்டியது. டயலில் துணி மடிப்பு மாதிரியே கோடுகள். ஸ்ட்ராப்பில் முத்துச்சிப்பித் துண்டுகளை வைத்துத் தையல் வேலை. அதோடு விடாமல் வாசனைத் திரவியம் செய்பவர் ஒருவரையும் சேர்த்து, ஸ்ட்ராப்புக்குள்ளேயே வாசனையை அடைத்துவிட்டார்கள். கையை அசைத்தால் மணக்குமாம். ஓடமார் பிகே என்ற இன்னொரு சுவிஸ் கம்பெனியும் டமாரா ரால்ஃப் என்ற ஆடை வடிவமைப்பாளரும் சேர்ந்து செய்த ராயல் ஓக் வாட்ச் மொத்தம் 102 தான். இதெல்லாம் நமக்குப் பார்த்துத் தெரிந்துகொள்ள மட்டும். பத்து லட்சத்துக்கு மேல் வாட்ச் வாங்கினால் 2025 ஏப்ரலிலிருந்து ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வாங்கி அரசுக்குக் கட்டும் வரி, வேறு பிடிக்கிறார்கள். இரண்டரை லட்சக்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

நம்முடைய தொகைக்குப் பக்கத்தில் வருகிற மூன்றாம் வகை ஒன்றை எங்கள் பெண்ணே போனில் காட்டினாள். அண்ணனுக்கும் பேச்சு வராதபடி அதுவும் ராடோ! அன்ரியலேஜ் என்ற பிராண்டை நடத்தும் குனிஹிகோ மொரினாகா, வெளிச்சம் பட்டால் மாறும் துணிகளைப் பாரிஸ் மேடையில் காட்டியவர். அவரோடு சேர்ந்து ராடோ 2018-ல் ட்ரூ ஷேடோ என்று ஒன்று செய்தது. மொத்தம் 1,001. வீட்டுக்குள் இருக்கும்போது டயல் வழியாக உள்ளே ஓடும் மெஷின் மங்கலாகத் தெரியும். வெயிலில் கையை நீட்டினால் டயல் கறுத்து மூடிக்கொள்ளும். மொரினாகா துணியில் செய்ததை வாட்ச்சில் செய்திருக்கிறார். அவர் இல்லாமல் ராடோவுக்கு அந்த யோசனை வந்திருக்காது. இதைத்தான் கூட்டு என்று சொல்லவேண்டும்.

நான் வேறொரு கேள்வியைக் கேட்டேன். இங்கே திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் கடைகளில் ஏற்றுமதியில் மிஞ்சிய டி-ஷர்ட்டுகளை லேபிளை வெட்டிவிட்டுத்தான் குவித்திருப்பார்கள். அங்கே வந்து பொறுக்குகிறவர் கழுத்தைப் பார்ப்பதில்லை, துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பார், தையலை இழுத்துப் பார்ப்பார். "அந்த மாதிரி லேபிளை வெட்டிட்டு நாலு வாட்ச்சையும் கொட்டி வெச்சா, இதைத்தான் எடுப்பியா கண்ணு?" என்றேன்.

"எடுப்பேன்" என்றாள் யோசிக்காமல். அப்புறம் திருப்பிக் கேட்டாள்: "நீங்க இருபது வருசமா தைக்கறீங்களே, அந்த நெக் லைன் யாரு போட்டதுன்னு உங்க லேபிள்ல எங்காச்சும் இருக்குதுங்களா சித்தப்பா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. தைப்பவர் பெயர் லேபிளில் வராது என்று திருப்பூரே புலம்பும். வரைந்தவர் பெயரும் அதில் வராது என்பதை நாங்கள் யோசிப்பதில்லை. வாட்ச்சிலும் அதே கதைதான். ஓடமார் பிகேயின் ராயல் ஓக்கை 1972-லும் பட்டேக் பிலிப்பின் நாட்டிலஸை 1976-லும் வரைந்தவர் ஜெரால்ட் ஜென்டா என்ற ஒரே மனிதர். வெளியிலிருந்து வந்து வரைந்துகொடுத்தவர். டயலில் அவர் பெயர் கிடையாது. டிசைனருக்குக் காசு கொடுப்பது புதுப் பழக்கம் இல்லை, பெயரை வெளியே எழுதுவதுதான் புதிது. அந்த இடத்தில் பெண் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

ஆனால் வாங்கிக் கட்டப்போகிறவர் அவள் இல்லையே. மாப்பிள்ளை கைக்கு எது பொருந்தும் என்பதைப் பார்க்கப் பட்டறைக்கே ஒரு நடை போய்வந்தேன்.

கடைசல் பட்டறையில் வாட்ச்சுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று இரும்புத் துருவலும் சுவரில் உரசுவதும். சாதா ஸ்டீல் கேஸ், அதாவது வாட்ச்சின் வெளிக்கூடு, ஒரே மாதத்தில் கோடு கோடாகிவிடும். அப்பாவின் டயாஸ்டார் கோடு விழாமல் இருந்ததன் ரகசியம் அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. 1962-ல் ராடோ அதைச் செய்தது டங்ஸ்டன் கார்பைடில். அதாவது, இவர் லேத்தில் இரும்பைச் சீவும் டிப் எதனால் ஆனதோ அதே ஜாதி. இதைச் சொன்னதும் மாப்பிள்ளை கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், எந்த டிசைனர் பெயருக்கும் அது வரவில்லை. இப்போது ராடோவின் பேச்செல்லாம் செராமிக். கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் கணக்கில் சுமார் 1,250 என்று சொல்கிறார்கள், சாதா ஸ்டீல் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. கோடு விழாது, வேர்வைக்கு அசையாது. ஆனால் கீழே போட்டால் ஸ்டீல் நசுங்கும், செராமிக் விரிசல் விடும் அல்லது தெறிக்கும். எல்லா வீட்டிலும் கிரானைட் தரை போட்டுவைத்திருக்கும் நம்மவர்கள் இதை யோசிக்கவேண்டும்.

இரண்டாவது எதிரி காந்தம். மோட்டார் வேலை நடக்கும் இடத்தில் சொல்லவே வேண்டாம். சாவி வாட்ச்சிலும் ஆட்டோமேட்டிக்கிலும் மயிரிழை மாதிரி ஒரு ஹேர் ஸ்பிரிங் சுருண்டு கிடக்கும். காந்தம் ஏறினால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீளம் குறைந்த மாதிரி ஆகி, வாட்ச் வேகமாக ஓட ஆரம்பிக்கும். ரிப்பேர்காரர் ஒரு சின்னக் கருவியால் சில நொடியில் காந்தத்தை இறக்கிவிடுவார், பெரிய வியாதி இல்லை. ஆனால் மாதம் ஒருமுறை இதற்கென்று யார் அலைவது? ராடோ, டிஸ்ஸோ போன்றவற்றில் சமீபத்தில் வரும் ஆட்டோமேட்டிக்குகள் சிலவற்றில் நிவாக்ரான் என்ற கலவையில் ஹேர் ஸ்பிரிங் போடுகிறார்கள். காந்தம் அவ்வளவாக ஒட்டாது. அந்த மெஷின்கள் 80 மணி நேரம் தாங்கும் என்பதும் இவருக்குத் தோது. லேத்தில் நிற்கும்போது வாட்ச்சைக் கழற்றிவைப்பவர். வெள்ளி ராத்திரி கழற்றிவைத்தால் திங்கட்கிழமை காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தபோது லிமிடெட் எடிஷனின் பலவீனம் தெரிந்தது. 2018-ல் வந்ததை இப்போது தேடினால் பெரும்பாலும் கைமாறியதுதான் வரும். கல்யாணத்துக்கு இன்னொருவர் கட்டிக் கழற்றியதையா போடுவது? அதை விட்டாலும், வெயிலுக்கு நிறம் மாறும் அந்த டயல் எட்டுப் பத்து வருடம் கழித்து ஏதாவது ஆனால் மாற்று டயல் கிடைக்குமா என்ற கேள்வி இருக்கிறது. மெஷின் பிரச்சினையில்லை, அது மற்ற மாடல்களிலும் இருப்பதுதான். டிசைனர் கை பட்ட பாகம் எதுவோ அதற்குத்தான் ஸ்பேர் சிரமம். எதற்காகக் கூடுதல் காசு கொடுத்தோமோ அதுவே உடைந்தால் திரும்பி வராது. ஏழெட்டு வாட்ச் வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டில்லை. இவருக்கு இருக்கப்போவது ஒன்றே ஒன்று.

தம்பியின் ஸ்மார்ட் வாட்ச்சை இரண்டே வரியில் முடிக்கலாம். ஆப்பிள் 2015-ல் 18 கேரட் தங்கத்தில் ஒன்று போட்டது, ஆரம்ப விலையே 10,000 டாலர். 2018-ல் வந்த புது சாஃப்ட்வேர் அதற்கு வரவில்லை. அதே 2015-ல் ஹெர்மேஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் தோல் ஸ்ட்ராப் போட்டும் ஒன்று வந்தது. ஸ்ட்ராப் இன்றும் நன்றாக இருக்கும், உள்ளே இருப்பது எப்போதோ கிழடாகியிருக்கும். நடந்த அடியை எண்ண வேண்டுமானால் தம்பி தன் சம்பளத்தில் மாமாவுக்கு ஒன்று வாங்கிக்கொடுக்கட்டும். அது சீர் வாட்ச் ஆகாது.

அண்ணியின் தங்கத்துக்கு டைட்டனின் நெபுலா இருக்கிறது. 18 கேரட் தங்கக் கேஸ். டைட்டன் என்றால் ஓசூர். 1984-ல் டாடாவும் நம் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்தது, அதுவே ஒரு கூட்டுதான். 2025-ல் நெபுலா ஜல்சா என்று பத்தே பத்து வாட்ச் போட்டார்கள். ராஜஸ்தானின் நுண்ணோவியர் ஷாகிர் அலி டயலில் ஓவியம் தீட்டியது. விலை நாற்பது லட்சத்துக்கு மேல். கலைஞரைச் சேர்த்துக்கொண்டு வாட்ச் செய்யப் பாரிஸுக்குத்தான் போகவேண்டும் என்றில்லை என்று காட்டினார்கள். நமக்கு எட்டுவது சாதா நெபுலாதான். ஆனால் அண்ணி நினைக்கிற கணக்கு இதில் வராது. "தங்கம்னா என்னைக்கும் காசாக்கிக்கலாமுங்க" என்கிறார். வாட்ச் கேஸில் இருப்பது 75 சதவீதத் தங்கம், அதுவும் சில கிராம்கள். மீதி விலையெல்லாம் மெஷின், வேலைப்பாடு, பெயர். நகைக்கு 3 சதவீத ஜிஎஸ்டி என்றால் வாட்ச்சுக்கு 18. காசாக்கப் போனால் கேஸை உருக்கித்தான் எடை போடுவார்கள். தங்கம் வேண்டுமானால் மோதிரத்தில் அரைப் பவுன் கூட்டிப்போடுவதே மேல். இதைச் சொன்னதும் அண்ணி சட்டென்று கட்சி மாறிவிட்டார்.

மிஞ்சியது அண்ணனின் சாதா ராடோவும் பெண்ணின் டிசைனர் ராடோவும். நான் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தேன். முடித்துவைத்தது எங்கள் அம்மா. திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "அது வெயிலுக்குப் போனா கறுப்பாயிருமா?" என்றார்.

"ஆமாங்க அப்பத்தா" என்றாள் பெண்.

"முகூர்த்தம் முடிஞ்சு மாப்பிள்ளை வெளிய வந்து நிக்கையில, பொண்ணு வீட்ல போட்டது கையில கறுப்பா இருக்குமா? வேண்டாஞ் சாமி."

அதற்கு மேல் யார் பேசுவது? யமமோட்டோவும் மொரினாகாவும் ஒரே சொல்லில் விழுந்தார்கள். சிரிப்பாக இருந்தாலும் இதையும் ஒரு அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். டிசைனர் கூட்டு வாட்ச்களில் கறுப்பு அதிகம். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கல்யாணத்தில் கறுப்பு ஆகாது. காசு கட்டிய பிறகு அழுவதைவிட முதலிலேயே அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

கடைசியில் புதிய டயாஸ்டார் ஒரிஜினல் எடுத்தோம். 2022-ல் பழைய வடிவத்தையே புதுப்பித்துக் கொண்டுவந்தது. கண்ணாடியைச் சுற்றி வரும் வளையம் மட்டும் செராமோஸ், செராமிக்கோடு உலோகம் கலந்தது. அதிகம் உரசுகிற இடம் அதுதான். கேஸும் செயினும் ஸ்டீல், கீழே விழுந்தாலும் தெறிக்காது. மெஷின் நான் மேலே சொன்ன 80 மணி நேரக் கூட்டம். டயல் வெளிர் நிறம், அம்மாவுக்குக் காட்டி ஒப்புதல் வாங்கியாயிற்று. எங்கள் பாஷையில் பையர் அப்ரூவல். அண்ணன் துபாயிலிருந்து யாரையாவது கொண்டுவரச் சொல்லலாமா என்று இழுத்தார். வேண்டாம் என்றேன். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நாடுகளோடு இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபரில் அமலுக்கு வந்து, சுவிஸ் வாட்ச்சுக்கான சுங்க வரி படிப்படியாகக் குறைகிறது. அங்கே வாங்கி மிச்சமாவது வரவர அற்பமாகிவிடும். கோயமுத்தூரில் பில்லும் வாரண்டி கார்டும் முத்திரையோடு கையில் இருந்தால், கோளாறு என்றால் மாப்பிள்ளை பத்து கிலோமீட்டர் போனால் போதும்.

பெண்ணுக்கு முகம் வாடியது உண்மை. இரண்டரை லட்சத்தில் மிஞ்சியதை அவளிடமே கொடுத்தார் அண்ணன். அதில் தனக்கு ஒரு டிசைனர் வாட்ச் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஸ்வாட்ச் 1990-களில் இங்கிலாந்து ஆடை டிசைனர் விவியன் வெஸ்ட்வுட்டோடு சேர்ந்து போட்ட பழைய வாட்ச்கள் மேல் கண். அதற்கு நான் முழுச் சம்மதம். துணியைத் தொட்டாலே நூல் எத்தனை கவுண்ட் (பருமன்) என்று சொல்கிற பெண், டிசைனர் எங்கே கை வைத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். செல் வாட்ச்தானே, பழசானாலும் பெரிய நஷ்டமில்லை. அவளே கட்டப்போவது, உடைந்தால் அவளே பார்த்துக்கொள்வாள்.

மாப்பிள்ளை மணிக்கட்டை டேப் வைத்து அளந்து, செயினில் இரண்டு கண்ணி கழற்றச் சொன்னோம். கடைப் பையன் கழற்றியதை மேஜை ஓரத்தில் ஒதுக்கினான். விடாதீர்கள், கேட்டு வாங்கி டப்பாவிலேயே போட்டுவையுங்கள். கல்யாணமான ஒரு வருடத்தில் நம்மூர் மாப்பிள்ளைகளுக்கு அந்த இரண்டு கண்ணியும் திரும்பத் தேவைப்படும்.